குழந்தையின் உடம்பில் தடிப்பா? களிம்பு தடவும் முன் இடத்தைப் பாருங்கள்

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைப் பக்கத்துக் கைக்குழந்தைகளுக்கு உடம்பில் சிவந்த பொரிகள் தோன்றுவது வழக்கம். கைக்குக் கிடைத்ததைத் தடவுவதற்கு முன், உடை முழுவதையும் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், அவை எந்த இடத்தில் வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

கழுத்து மடிப்பு, முதுகு, நெற்றி, அக்குள் ஆகிய இடங்களில் பொடிப்பொடியாக இருந்தால் அது பெரும்பாலும் வேர்க்குரு. வியர்வை நாளங்கள் அடைபடுவதால் வருவது என்பதால், உடம்பைக் குளிர்ச்சியாக வைப்பதே அதற்கு வைத்தியம். குளிப்பாட்டியபின் மடிப்புகளை ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். தூளிக்குப் பாலியஸ்டர் புடவையைத் தவிர்த்து, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய பருத்திச் சுங்குடிச் சேலையைக் கட்டினால் காற்று உள்ளே போகும். பவுடர் வேண்டாம்: வியர்வையில் குழைந்து மடிப்பில் கட்டிக்கொள்வதோடு, பறந்து மூச்சிலும் ஏறும். எண்ணெய் தேய்ப்பதையும் வேர்க்குரு அடங்கும்வரை நிறுத்திவையுங்கள்.

டயப்பர் படும் இடம் சிவந்து, தொடை இடுக்கு மடிப்புகள் மட்டும் தப்பியிருந்தால், ஈரமும் மலமும் உறுத்தி வந்த புண் அது. நனைந்தவுடன் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, சிறிது நேரம் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு (ஜிங்க் ஆக்சைடு) களிம்பைக் கனமாகப் பூசுங்கள். மடிப்புக்குள்ளும் செக்கச்சிவந்து, சுற்றிலும் தனித்தனிப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கான மருந்தை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

மருந்துக்கடையில் வாயால் சொல்லிக் களிம்பு வாங்கும் பழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அப்படிக் கிடைப்பவை ஸ்டீராய்டு கலந்தவையாக இருக்கலாம். சிவப்பு மங்குவதால் குணமானதுபோலத் தோன்றும். ஆனால் பூஞ்சை மறைவாகப் பரவும், குழந்தையின் மெல்லிய தோல் மேலும் மெலியும், டயப்பர் மூடிய இடத்தில் மருந்து கூடுதலாக உடம்புக்குள் இறங்கும்.

பிறந்து இரண்டு மூன்று நாளில் தோன்றி, இடம் மாறித் தெரியும் சிவப்புத் திட்டுகள் பெரும்பாலும் மருந்தில்லாமலே ஓரிரு வாரத்தில் மறையும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் வந்து, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் சிரங்காக இருக்கலாம். மருத்துவர் உறுதி செய்தால் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். நீர்க்கொப்புளங்களை அம்மை என்று எண்ணி வேப்பிலை கட்டுபவர்கள், குழந்தையை மருத்துவரிடமும் அவசியம் காட்டுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, தடிப்போடு குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத செந்நீலப் புள்ளிகள் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள்.