ஃபிளாய்ட் கவுண்டிக்கு இசை கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தென்மேற்கே ப்ளூ ரிட்ஜ் மலைமேல் இருக்கிறது ஃபிளாய்ட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி). மக்கள்தொகை 15,000 சொச்சம். கவுண்டி முழுக்க ஒரே ஒரு சிக்னல் விளக்குதான். அந்த சிக்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஃபிளாய்ட் கன்ட்ரி ஸ்டோர் என்ற பழைய பலசரக்குக் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அங்கே ஃபிடிலும் (நாட்டுப்புற இசையில் வயலினுக்குப் பெயர்) பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் ஒலிக்கும், மரத்தரை அதிரும். ஷார்லட், வாஷிங்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் அங்கே போய்விட்டு, "கேட்டோம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தது" என்று திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு, அதைக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டு போவது. வெள்ளிக்கிழமை மேடையில் இசைக்குழு வாசிக்கும், உண்மைதான். ஆனால் மேடைக்கு நேர் முன்னால் இருப்பது ஆடுவதற்கான இடம். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி ஆடுவார். ஃபிளாட்ஃபுட் என்ற ஆட்டத்தில் பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது. ஷூவின் அடியில் பொருத்திய தகடு தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தின் நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். ஆடத் தெரியாதே என்று சுவரோரம் ஒதுங்கவும் வேண்டாம். தெரியாதவர்களையும் கைப்பிடித்து இழுத்துக்கொள்ளும் ஊர் அது.

மேடை இல்லாத இடத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். கோடைக்கால வெள்ளிக்கிழமைகளில் தெருவோரத்திலும் சந்துகளிலும் நான்கைந்து பேர் வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஞாயிறு மதியம் கடைக்குள்ளேயே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாசிப்பார்கள். இதற்குப் பெயர் ஜாம். முதல் முறை நான் போனபோது வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்குமே என்று உட்கார்ந்து படம் பிடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் ஃபிடில் பெட்டியோடு வந்து என் பின்னால் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நின்றபடியே வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தடவிக்கொண்டிருந்தார். கிட்டார் வாசித்த அம்மாதான் மெதுவாக, "அது வாசிக்கிறவர்கள் உட்காரும் இடம்" என்றார். எழுந்துகொண்டேன். அவர்கள் எனக்காக வாசிக்கவில்லை, ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்தது, அங்கே கேட்கும் இரண்டு இசை வகைகளான ஓல்ட்-டைமையும் ப்ளூகிராஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. ப்ளூகிராஸ் 1940களில் பில் மன்றோ என்ற மாண்டலின் கலைஞரின் குழுவில் உருவெடுத்தது. அதில் ஒவ்வொரு வாத்தியமும் முறை வைத்துத் தனியாக முன்னே வந்து வாசிக்கும், நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கிற மாதிரி. ஓல்ட்-டைம் அதைவிடப் பழசு. அது பஜனைக் கோஷ்டி மாதிரி. எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், ஃபிடில் முன்னால் போகும். "இன்னுமா அதே பாட்டு?" என்று இரண்டாவது நிமிஷத்தில் எழுந்து போகாதீர்கள். பெரும்பாலும் மெட்டுக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். ஐந்தாறு சுற்று போன பிறகுதான் வில் எங்கே அழுத்துகிறது, பேஞ்சோ எங்கே இடைவெளியை நிரப்புகிறது என்று காதுக்குப் பிடிபடும். அப்புறம் வாசிக்கிறவர்களில் ஒருவர் காலை முன்னால் நீட்டித் தூக்குவார். இதோடு முடிக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி ஜாம் புரிந்த மாதிரி.

இதை வெள்ளையர்களின் இசை என்று மட்டும் எண்ணுவதும் தவறு. ஃபிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பேஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை வாத்தியங்களிலிருந்து பிறந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த இசையே உண்டானது. இதே வர்ஜீனியாவில், மேற்கே ஸ்காட் கவுண்டியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பம் 1927இல் பிரிஸ்டல் நகரில் தன் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. பிறகு அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் போனபோது கூடவே போய் மெட்டுகளை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர். வரலாறு பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இசையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1970களில் நகரத்தை விட்டு இந்த மலைக்கு வந்து குடியேறியவர்களில் குயவர்களும் மரவேலைக்காரர்களும் உண்டு. ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகைதான் இன்றைக்கு ஊரின் கலை மையம். '16 ஹேண்ட்ஸ்' என்ற பெயரில் இந்தக் கைவினைஞர்கள் மே மாதமும், நவம்பரில் நன்றி கூறும் நாளை (தேங்க்ஸ்கிவிங்) ஒட்டிய வார இறுதியிலும் தங்கள் பட்டறைகளைத் திறந்துவிடுகிறார்கள். செய்தவரே எதிரில் நிற்கும்போது பேரம் பேசாதீர்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

வழியைப் பற்றியும் கொஞ்சம். மலைமேல் போகும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் வேக வரம்பு மணிக்கு 45 மைல்தான், குளிர்காலத்தில் பனி விழுந்தால் பல பகுதிகளை மூடிவிடுவார்கள். வாஷிங்டன் பக்கமிருந்து வருகிறவர்கள், நேரம் குறைவென்றால் ஐ-81 நெடுஞ்சாலையிலிருந்து கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் இறங்கி 8ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை முதலில் வரும் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாடல்கள் போய்விடும்.

கர்நாடக வயலின் வாசிக்கிறவர்கள் வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஏ சுருதியில் பல ஓல்ட்-டைம் மெட்டுகளுக்கு அங்கே ஃபிடிலை ஏ-ஈ-ஏ-ஈ என்று சேர்ப்பார்கள். அது அப்படியே நம் ஸ-ப-ஸ-ப. எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சுருதி என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே இரண்டாவது வரிசையில் உட்காருங்கள். கமகம் வேண்டாம், முதலில் மெட்டை மட்டும் சன்னமாக வாசியுங்கள். இரண்டு மூன்று மெட்டு போனால், யாராவது நாற்காலியை நகர்த்தி உங்களுக்கு இடம் விடுவார்கள்.