அஷ்டமுடிக் காயலில் பாய்மரப் படகு: குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், செங்கோட்டையிலிருந்து சித்தி, மதினி, பிள்ளைகள், அண்ணனின் கூட்டாளிகள் என்று எங்கள் கொல்லத்து வீடு நிறைந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். மாநிலம் மாறியும் மலை தாண்டிய கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. 1904இல் வந்த ரயில் பாதை இன்றும் அத்தனை பேரையும் ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. வந்து பையை வைப்பதற்குள் பிள்ளைகள் கேட்பது, "மாமா, பாய் கட்டின படகுல எப்போ போறோம்?"

பாயை விரித்து ஒரு பகல் முழுக்க எங்கள் ஊர் அஷ்டமுடிக் காயலில், அதாவது கடலோடு சேரும் உப்பங்கழியில், சுற்றிவருவது யாருக்கும் கைவரக்கூடிய வேலைதான். எங்களிடம் இருப்பது பதினாறு அடி ஃபைபர் படகு, ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய், பின்னால் படகைத் திருப்பும் சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. இதே போன்ற படகை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் படகைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதைத் துறைமுக அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதலில் காற்று

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் மலைப் பக்கமிருந்து கிழக்குக் காற்று மெல்ல வரும். பத்து, பதினொரு மணிக்கு அது ஓய்ந்து காயல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். அதற்குப் பிறகு மேற்கிலிருந்து கடல்காற்று எழும்பும். இந்த மாற்றத்தை நம்பித்தான் நாள் முழுவதையும் திட்டமிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். உயர்ந்து நிற்கும் பாய்மரத்தோடு தண்ணீர் நடுவில் இருக்கக் கூடாத நேரம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குடும்பத்தை ஏற்றவே வேண்டாம்.

புதியவர்களுக்கு ஐந்து முதல் பத்து நாட் வேகக் காற்று போதும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கரையில் நின்று கண்ணாலும் பாருங்கள். அலை முனைகளில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் அன்றைக்குப் படகைத் தொடாதீர்கள். புளியோதரையைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

யார் யார், எங்கே உட்காருவது

எங்கள் படகில் பெரியவர்கள் நான்கு பேர், அவ்வளவுதான். ஐந்தாவது ஆள் கெஞ்சினாலும் அடுத்த சுற்றில்தான். 2023 மே 7ஆம் தேதி தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு யாருடைய முகம் வாடினாலும் எனக்குச் சங்கடமில்லை.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், கரையிலேயே. மாட்டியதும் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தாடையைத் தாண்டி வந்தால் தளர்வு. பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு, கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டையோடு வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிப் பிள்ளைக்குப் போடுவது வேண்டவே வேண்டாம். தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே போகும்.

சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கயிறு ஓடும் கப்பியில் சித்தியின் முந்தானை ஒருமுறை சுற்றி இழுத்தது. அன்றிலிருந்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் படகுக்குச் சுடிதார்தான்.

எடை நடுவில் இருக்கட்டும். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எங்கள் சின்னப் படகில் ஒரே ஆள் எழுந்து நின்றாலும் அந்த வித்தியாசம் தெரியும். அதனால் புறப்படும் முன்பே சொல்லிவிடுவேன்: "நான் 'மாறுங்க' என்று சொன்னால் மட்டும் இடம் மாறணும், அதுவும் உட்கார்ந்தபடியே நகர்ந்து."

பெரிய பாயின் அடியில் படுக்கையாக நிற்கும் கழிக்குப் பூம் என்று பெயர். பாய் பக்கம் மாறும்போது அது தலைமட்டத்தில் வீசிக்கொண்டு வரும். கரையிலேயே அதைக் கையால் இங்கும் அங்கும் ஆட்டிக் காட்டி எல்லோரையும் ஒருமுறை குனியச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, நன்றாகவே பழகிவிடும்.

பாய்க்கயிறு

இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றைக் கடற்கரைக்காரர்கள் தாமான் என்பார்கள். படகுக்கு வேறு பிரேக் கிடையாது, இந்தக் கயிறுதான் பிரேக். தளர்த்தினால் பாய் காற்றை உதறிவிட்டுப் படபடக்கும், படகு நிமிரும், வேகம் குறையும். எந்தச் சிக்கலிலும் முதல் வேலை கயிற்றை விடுவது.

சில வருஷம் முன்பு ஒரு ஜனவரி மதியம் மதினிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்க நினைத்து, கயிற்றைப் படகின் ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். தென்னை வரிசை முடியும் இடத்தில் திடீரென்று காற்று வந்து அடித்தது. படகு சாய்ந்து, தாழ்ந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் மதினியின் மடியில் கொட்டியது. சின்னவன் வழுக்கிக்கொண்டு போய் அவள் காலில் முட்டினான். முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறேன், இழுவையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, நகம் மடிந்ததுதான் மிச்சம். கூட வந்த பக்கத்து வீட்டுச் சேட்டன், "கயறு விடு மோனே!" என்று கத்திக்கொண்டே இடுப்பிலிருந்த கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டார். பாய் பறந்தது, படகு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நான் கயிற்றை எங்கும் கட்டியதில்லை. கை வலித்தால் அடுத்தவரிடம் கொடுப்பேன். எட்டும் இடத்தில் ஒரு கத்தி எப்போதும் இருக்கும்.

எவ்வளவு இழுப்பது? பாய் படபடக்கும் வரை தளர்த்துங்கள். பிறகு படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிய, பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஒரு சாண் கம்பளி நூலைக் கட்டிவிடுங்கள். நான் என் மகளின் பழைய சிவப்பு ஸ்வெட்டரிலிருந்து பிரித்த நூலைக் கட்டியிருக்கிறேன், தூரத்திலிருந்தும் தெரியும்.

புறப்பாடு

பாயை ஏற்றும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை நோக்கி இருக்கட்டும். ஏற்றி முடித்த பிறகு திருப்புங்கள். காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது. இரு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை விலகி, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது நடுப்பலகை முழுக்கக் கீழே இருக்கணும், இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் நழுவும். அணியத்தைக் காற்றின் குறுக்கே கொண்டுபோய்ப் பக்கம் மாற்றுவது சுலபம்: "குனியுங்க" என்று சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்புங்கள், சின்னப் பாயின் கயிற்றை மறுபக்கம் மாற்றுங்கள். காற்று முதுகில் இருக்கும்போது பக்கம் மாற்றினால் பூம் ஒரே அடியாக வந்து விழும். முதல் வருஷம் அதைச் செய்யாதீர்கள். காற்றுப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் அதே வேலை பத்திரமாக முடியும்.

போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது களைத்திருப்பீர்கள், காற்று தள்ளிக்கொண்டு வரும். கடல்காற்றில் நாங்கள் தேவள்ளிப் பக்கமிருந்து சாம்பிராணிக்கோடி நோக்கி ஏறுவோம். அங்கே முழங்கால் ஆழத் தண்ணீரில் ஆட்கள் இறங்கி நிற்பார்கள். தூரத்திலேயே பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டு ஓரமாக ஒதுங்குங்கள். அதைத் தாண்டி நீண்டகரை முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம். மீன்பிடி விசைப்படகுகளின் வழி அது, தண்ணீர் வற்றும் நேரத்தில் ஓட்டம் கடலுக்குள் இழுக்கும்.

சீனவலைகளையும் தண்ணீரில் நட்ட கம்புகளையும் சுற்றிப் போங்கள். கம்புகளுக்கிடையே வலை இருக்கும், ஒருவருடைய அன்றாடப் பிழைப்பு அது. விசைப்படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்று விதி சொன்னாலும், ஒடுங்கிய கால்வாயில் பெரிய படகின் வழியை நாம் மறிக்கக் கூடாது என்பதும் விதிதான். பயணிகள் போட்டைப் பார்த்தால் நான் முன்கூட்டியே ஒதுங்கிவிடுவேன்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் ஒருவர் அவரையே விரலால் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. மற்றவர் படகைத் திருப்பி, விழுந்தவர் அருகில் பாய்க்கயிற்றைத் தளர்த்திப் படகை நிறுத்தணும். படகு கவிழ்ந்தால் எல்லோரும் படகையே பிடித்துக்கொள்ளுங்கள், கரை பக்கம்தானே என்று நீந்தக் கிளம்பாதீர்கள்.

திரும்பிய பிறகு

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். அன்னாசிப் பழம் வெட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பாயை நல்ல தண்ணீரில் அலசி, தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி நிழலில் காயப்போடுவோம். காயல் தண்ணீரில் உப்பு இருக்கிறது, ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழும். மதினி ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து மடிப்போம். கயிறுகளை விரலால் நீவிப் பார்த்து, நைந்த இடம் தெரிந்தால் அன்று இரவே மாற்றிவிடுவேன்.