கொரியன் சூப் வீட்ல வைக்கும்போது எங்கெங்க சொதப்புது?

கே-டிராமா பாத்துட்டு, குளிருக்கு இதமா ஒரு கிம்ச்சி ஜிகே (காரமா புளிக்க வச்ச முட்டைக்கோஸான கிம்ச்சிய போட்டு வைக்கிற கெட்டி சூப்) வச்சு சாப்பிடலாம்னு கிளம்புற நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் பண்ற முதல் வேலை என்னன்னா, ஒரு டப்பா கோச்சுஜாங்கற மிளகாய் விழுது வாங்கிட்டு வந்து ரெண்டு கரண்டி அள்ளி தண்ணில கரைச்சு விடுறதுதான். கலர் செவசெவன்னு வந்துடும், போட்டோவுக்கு சூப்பரா இருக்கும், வாயில வச்சா தித்திப்பா கொழகொழன்னு ஒரு மாதிரி இருக்கும். ஏன்னா கோச்சுஜாங்ல மிளகாய் மட்டும் இல்ல, ஒட்டுற அரிசி மாவு, முளைகட்டின பார்லி, புளிக்க வச்ச சோயாபீன் பொடி எல்லாம் சேர்ந்திருக்கு, அந்த அரிசிதான் இனிப்பையும் கெட்டித்தன்மையையும் குடுக்குது. கிம்ச்சி ஜிகேக்கு நிறைய கொரியன் வீடுகள்ல அத தொடவே மாட்டாங்க, போட்டாலும் ஒரு சின்ன ஸ்பூன். செவப்பு வர்றது கிம்ச்சியிலேர்ந்தும் கோச்சுகாருங்கற மிளகாய்த்தூள்லேர்ந்தும்தான்.

அந்த கோச்சுகாரு கிடைக்கலன்னு வீட்ல இருக்குற குண்டூர் மிளகாய்த்தூள அதே அளவுக்கு போட்டுடாதீங்க. கோச்சுகாரு பெரும்பாலும் விதை எடுத்து கரகரன்னு அரைச்சது, காரம் கம்மி, லேசா ஒரு பழ இனிப்பு இருக்கும், அதனாலதான் அவங்க ரெண்டு மூணு ஸ்பூன்னு தாராளமா போடுறாங்க. நம்ம தூள் அந்த அளவுக்கு போட்டா வேற எந்த ருசியும் நாக்குக்கு தெரியாது. வேற வழியே இல்லன்னா காஷ்மீரி மிளகாய்த்தூள் பாதி அளவு போடுங்க, கலர் வந்துடும், அந்த கரகரப்பு மட்டும் வராது. மல்லி கலந்த குழம்பு மிளகாய்த்தூள் பக்கம் போகவே போகாதீங்க, போட்டா அது குழம்புதான், ஜிகே இல்ல.

என்னக் கேட்டா பெரிய பிரச்சனை மிளகாய்லயும் இல்ல, தண்ணிலதான் இருக்கு. நாம மசாலாவ வதக்கி ருசி ஏத்திட்டு கடைசில பச்சத்தண்ணி ஊத்துறவங்க, அவங்க தண்ணிக்கே முதல்ல ருசி ஏத்திட்டு அப்புறம்தான் மத்தத போடுறவங்க. அந்த ஸ்டாக்க விட்டுட்டு பச்சத்தண்ணில டென்ஜாங்கற புளிக்க வச்ச சோயாபீன் விழுத கரைச்சா உப்புத்தண்ணி மாதிரிதான் இருக்கும், அப்புறம் ருசி பத்தலன்னு இன்னும் டென்ஜாங், இன்னும் உப்புன்னு போயிட்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டு ஜிகேக்கு பெரும்பாலும் காஞ்ச நெத்திலியும் டாஷிமாங்கற கடல்பாசியும் போட்ட ஸ்டாக்தான். ஸ்டாக்குக்குன்னே விரல் நீளத்துக்கு பெரிய நெத்திலி விக்கும், அதோட தலைய கிள்ளிட்டு வயித்த பிளந்து உள்ள இருக்குற கறுப்பு உருண்டைய கட்டைவிரல் நகத்தால தள்ளி எடுக்கணும். ரொம்ப பேர் சோம்பேறித்தனமா அப்படியே போட்டுடுறாங்க, கசக்குறது அந்த கறுப்புதான். எடுத்ததுக்கப்புறம் எண்ணெய் இல்லாம வெறும் சட்டில ஒரு ரெண்டு நிமிஷம் வறுத்தா கவிச்சி ஓடிடும். தண்ணி கொதிக்கும்போது மூடி போடாதீங்க, ஆவியோட அந்த வாடையும் போகட்டும். டாஷிமா கொதி வந்து அஞ்சு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடணும், விட்டா வழவழன்னு ஆகி கசப்பு இறங்கும். நெத்திலி இன்னொரு பத்து நிமிஷம் கொதிக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். நேரம் ஆக ஆக ருசி கூடும்னு நினைக்கிறது ஆட்டெலும்புக்கு சரி, நெத்திலிக்கு சரி இல்ல.

ஊர்லேர்ந்து கொண்டு வந்த நெத்திலி கருவாடு இருக்கே அத போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா கொரியன் நெத்திலி பிடிச்ச உடனே உப்புத்தண்ணில வேகவச்சு காயவச்சது, நம்மளோடது பச்சையாவே வெயில்ல காஞ்சது, வாடை ஜாஸ்தி, சிலதுல மண்ணும் இருக்கும். நல்லா கழுவி, அளவ பாதியா குறைச்சு, உப்பு கடைசில பாத்து போடுங்க. சைவம்னா காஞ்ச ஷிடாகே காளானும் டாஷிமாவும் போதும், பௌத்த மடங்கள்லயும் மீன் இல்லாம இப்படித்தான் ஸ்டாக் வைப்பாங்க. ஆனா கடையில வாங்குற கிம்ச்சியில பெரும்பாலும் மீன் சாஸோ உப்புல ஊறின சின்ன இறாலோ இருக்கும், லேபிள் பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு அரிசி கழுவுன தண்ணி. நம்ம ஊர்ல கழனித்தண்ணின்னு மாட்டுக்கு போற அதே தண்ணிய அவங்க ஜிகேக்கு எடுத்து வைப்பாங்க. முதல் தண்ணில தூசி இருக்கும், அத கொட்டிட்டு ரெண்டாவது மூணாவது கழுவுன தண்ணிய எடுக்கணும், அதுல இருக்குற மாவு குழம்ப லேசா கெட்டியாக்கி டென்ஜாங்கோட உப்ப கொஞ்சம் சாந்தப்படுத்தும்.

கிம்ச்சி ஜிகேல அடுத்த தப்பு, நேத்து வாங்கின பிரெஷ் கிம்ச்சிய போடுறது. சாதத்துக்கு தொட்டுக்க அது ஓகே, கொதிக்க வச்சா வெறும் முட்டைக்கோஸ் தண்ணிதான். மூக்குல ஏறுற அளவுக்கு புளிச்சது வேணும், கொரியாவுல வருஷக்கணக்கா வச்ச முகுன்ஜியையே இதுக்குன்னு எடுத்து வச்சிருப்பாங்க. குளிர் தொடங்கும்போது ஊரே கூடி கிம்ச்சி போடுற கிம்ஜாங் வழக்கம் 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு, புதுசு வந்ததும் பழச காலி பண்ணணுமே, அதுக்கு ஜிகேதான் வசதி. உங்க கிம்ச்சி புளிக்கலன்னா ஒரு நாள் வெளிய வச்சுட்டு அப்புறம் பண்ணுங்க, கடைசி கட்டத்துல கொஞ்சம் வினிகர் விட்டும் சமாளிக்கலாம். பன்றி இறைச்சியோட சேத்து முதல்ல நல்லா வதக்கணும், கிம்ச்சி கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும், அப்புறம்தான் ஸ்டாக். டப்பா அடியில இருக்குற புளிச்ச தண்ணிய கொட்டாம அதையும் ஊத்துங்க. பன்றி சாப்பிடாதவங்க டின் சூரை மீன் போடலாம், இது நம்ம ஜுகாட் இல்ல, கொரியன்ஸே அப்படித்தான் பண்றாங்க. புளிப்பு ஓவரா இருந்தா அரை ஸ்பூன் சர்க்கரை.

தண்ணி அளவும் முக்கியம். ஜிகேங்கறது ரசம் இல்ல, போட்ட பொருள் மூழ்கி மூழ்காம இருக்குற அளவுதான் தண்ணி, சாதத்தோட சாப்பிடறதால உப்பும் தூக்கலாதான் இருக்கும். குக்குங்கற சூப் வகைன்னா தண்ணியா இருக்கும், ஆளுக்கு ஒரு கிண்ணம். ஜிகேய குக் மாதிரி பானை நிறைய வச்சுட்டு ருசியே இல்லன்னு சொன்னா எப்படி?

டென்ஜாங்க பத்தி ஒரு குழப்பம் ஓடுது. ஜப்பான் மிசோவ கொதிக்க விடக்கூடாதுன்னு எங்கயோ படிச்சுட்டு இதையும் அடுப்ப அணைச்சப்புறம் கலக்குறாங்க. டென்ஜாங் கொதிக்கணும், கொதிச்சாதான் அந்த பச்ச வாடை போய் மண்வாசனை மாதிரி ஒரு ஆழம் வரும். சீக்கிரமே புளிக்க வைக்கிற இன்னொரு சோயாபீன் விழுதான செங்குக்ஜாங்னா மட்டும் கடைசில போட்டு அஞ்சு நிமிஷத்துல இறக்கணும். வீட்டு டென்ஜாங் கடை டென்ஜாங்க விட உப்பு ஜாஸ்தியா இருக்கும், ரெசிப்பில ரெண்டு ஸ்பூன்னா ஒண்ணு போட்டு ருசி பாத்துட்டு மிச்சத்த போடுங்க. சோயா சாஸும் அப்படித்தான், சூப்புக்குன்னு குக் கான்ஜாங்னு தனியா இருக்கு, நிறம் வெளுப்பு, உப்பு அதிகம். பொரியலுக்கு ஊத்துற ஜின் கான்ஜாங்க சூப்ல ஊத்தினா உப்பு ஏறுறதுக்குள்ள சூப் கறுத்து இனிச்சுப் போயிடும்.

இப்ப எலும்பு சூப்புக்கு வருவோம், சொல்லோங்தாங். மைனஸ் பத்து டிகிரில நடந்து வந்து கடைக்குள்ள நுழைஞ்சதும் வர்ற அந்த வெள்ளைவெளேர் கிண்ணம் இதுதான். மாட்டெலும்ப சில மணி நேரம் பச்சத்தண்ணில ஊற வச்சு, தண்ணிய மாத்தி மாத்தி ரத்தத்த எடுக்கணும். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு அந்த தண்ணிய மொத்தமா கொட்டிடணும், எலும்பையும் கழுவணும், பானையையும் கழுவணும். சத்து போயிடுமேன்னு இந்த ஸ்டெப்ப நம்மாளுங்க விட்டுடுறாங்க, அங்கதான் சூப் பழுப்பாகி நாத்தம் அடிக்குது. அடுத்தது தீ. சிம்ல வச்சா தெளிஞ்ச சூப்தான் வரும், பால் நிறம் வரணும்னா தளதளன்னு மணிக்கணக்கா கொதிக்கணும், அந்த கொதியிலதான் கொழுப்பும் எலும்புலேர்ந்து இறங்குற ஜெலட்டினும் தண்ணியோட அடிபட்டு கலக்குது. குக்கர்ல விசில் விட்டா எலும்பு வெந்துடும், ஆனா உள்ள அந்த தளதளப்பு இல்லாததால நிறம் வராது, தெறந்து வச்சு திரும்ப ஒரு மணி நேரமாவது நல்ல தீயில கொதிக்க விடணும். முதல் சாற எடுத்து வச்சுட்டு அதே எலும்புல திரும்ப தண்ணி ஊத்தி ரெண்டாவது சாறு எடுத்து ரெண்டையும் கலப்பாங்க, ராத்திரி பால்கனில வச்சா காலைல மேல கொழுப்பு தகடு மாதிரி உறைஞ்சு நிக்கும், அப்படியே தூக்கி எடுத்துடலாம்.

இதுல உப்பு போடாதீங்க. உப்பு, மிளகு, வெங்காயத்தாள் எல்லாம் மேசையில இருக்கும், அவங்கவங்க கிண்ணத்துல அவங்கவங்க போட்டுக்குவாங்க, கூட கடிச்சுக்க முள்ளங்கி கிம்ச்சி. இஞ்சி பூண்டு பேஸ்ட்டு, பட்டை, கிராம்புன்னு கை போகும், கட்டுப்படுத்துங்க, ஆட்டுக்கால் பாயா அதுக்குன்னு தனியா இருக்கு.

சின்ன சின்னதா இன்னும் சில. சோயாபீன் முளைல வைக்கிற கொங்நாமுல் குக்குக்கு மூடி போட்டா முளை வேகுற வரைக்கும் தெறக்கக்கூடாது, இல்ல ஆரம்பத்துலேர்ந்து மூடாமலே வைக்கணும், நடுவுல எட்டிப்பாத்தா பச்ச பயறு வாடை நின்னுடும்னு எல்லா கொரியன் அம்மாவும் சொல்வாங்க. பிறந்தநாளுக்கு வைக்கிற மியோக் குக்ல காஞ்ச பாசி பத்து மடங்குக்கு பக்கமா ஊதும், அளவு பாத்து ஊற வைங்க. மெத்துன்னு இருக்குற டோஃபு போட்டு வைக்கிற சுண்டுபு ஜிகேக்கு எண்ணெய்ல கோச்சுகாரு போடும்போது கடுகு தாளிக்கிற சூட்டுல போட்டா கண் மூடி தெறக்கறதுக்குள்ள கருகிடும், சிம்ல வச்சு போடுங்க. கோழிக்குள்ள அரிசியும் ஜின்செங்கும் வச்சு வேகவைக்கிற சாம்கேதாங்க குளிர் லிஸ்ட்ல போடுறாங்க, கொரியாவுல அதுக்கு கடை வாசல்ல கியூ நிக்கிறது கொளுத்துற ஜூலை ஆகஸ்ட்ல. சரி, குளிர்லயும் சாப்பிடுங்க, ஆனா ஊற வச்ச அரிசிய முக்கால் வயித்துக்கு மேல அடைக்காதீங்க, அது வெந்து வீங்கினா கோழி பிளந்து சூப் கஞ்சியாயிடும்.

கடைசியா அந்த கறுப்பு மண்சட்டி, துக்பேகி. வெறுஞ்சட்டிய பெரிய தீயில வைக்காதீங்க, விரிசல் விடும். அடுப்ப அணைச்சப்புறமும் நல்லா கொதிச்சுட்டே இருக்கும், அதனால முட்டை உடைச்சு ஊத்துறதா இருந்தா அணைக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஊத்துங்க, இல்லன்னா ரப்பராயிடும். கழுவ டிஷ் சோப் வேண்டாம், மண்ணு சோப்ப குடிச்சுட்டு அடுத்த தடவ கொதிக்கும்போது திருப்பி கக்கும். பேக்கிங் சோடாவோ கோதுமை மாவோ போட்டு வெந்நீர்ல தேச்சு, நல்லா காய வச்சு எடுத்து வைங்க. சாதா இண்டக்‌ஷன் அடுப்புல இது வேலை செய்யாது, வாங்கறதுக்கு முன்னாடி அடி லேபிள ஒரு தடவ பாத்துக்கோங்க.