‘ஈடிபஸ் மன்ன’னைக் கட்டுரைக்காக வாசிப்பது எப்படி

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ சுமார் 1,530 வரிகள்தான். நிதானமாகப் படித்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மேல்நிலை வகுப்புகளில் இதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை: அரசனுக்குக் கர்வம், விதி வலியது, ஆகவே வீழ்ந்தான். நாடகத்தைத் திறக்காமலே எழுதிவிடக்கூடிய கட்டுரை இது. திருத்துபவருக்கும் அது தெரியும்.

ஈடிபஸ் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் என்பது ஏதென்ஸில் பார்வையாளர்களுக்கு அரங்குக்கு வருவதற்கு முன்பே தெரிந்த கதை. எனவே “என்ன நடக்கிறது” என்று கேட்டுக்கொண்டு வாசித்தால் கதைச்சுருக்கம்தான் கிடைக்கும். யாருக்கு எது எப்போது தெரிகிறது, தெரிந்ததும் அவர் வாயைத் திறக்கிறாரா மூடுகிறாரா என்று கேளுங்கள். கீழே உள்ள வேலைகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

உட்காருவதற்கு முன்

ஓரத்தில் வரி எண் அச்சிட்ட பதிப்பாகப் பாருங்கள். வரி எண் இல்லாவிட்டால் மேற்கோள் காட்டுவது பெரும்பாடு. உரைநடை மொழிபெயர்ப்புகளில் எண்கள் இரண்டு மூன்று வரி முன்பின் இருக்கும், பரவாயில்லை. ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். பதிப்பாசிரியரின் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் அவர் கருத்து உங்கள் கருத்தாக ஒட்டிக்கொள்ளும்.

பின்னணியில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். நாடகம் அரங்கேறிய ஆண்டு பதிவாகவில்லை. ஏதென்ஸில் கி.மு. 430இல் கொள்ளைநோய் பரவியது, நாடகமும் தீப்ஸ் நகரத்துக் கொள்ளைநோயில்தான் தொடங்குகிறது. அதனால் 429ஐ ஒட்டி இருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. முகமூடி அணிந்த மூன்று நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் பகிர்ந்துகொள்வார்கள். ஆடிப் பாடும் குழுவான கோரஸில் 15 பேர். கொலையும் தற்கொலையும் பொதுவாக மேடையில் காட்டப்படுவதில்லை, யாராவது வந்து சொல்வார்கள். இந்தத் தகவல்களுக்குக் கட்டுரையில் இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

முதல் வாசிப்பு: ஒரே மூச்சில்

இரண்டு மூன்று பேர் சேர்ந்து, பாத்திரம் பிரித்துக்கொண்டு, வாய்விட்டுப் படிப்பது நல்லது. எதையும் அடிக்கோடிட வேண்டாம். முடித்ததும் காட்சிகளின் எல்லையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கிரேக்க நாடகத்தில் அங்கம், காட்சி என்ற பிரிவு கிடையாது. கோரஸ் பாட்டுகள்தான் தடுப்புச்சுவர். தொடக்கம் 1–150. கோரஸ் நுழையும் பாட்டு 151–215. பிறகு 216–462 கண் தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸின் காட்சி, 513–862 ஈடிபஸின் மைத்துனன் கிரியோனும் மனைவி யொகாஸ்டாவும், 911–1085 கொரிந்த் நகரத் தூதன், 1110–1185 மேய்ப்பன், 1223 முதல் இறுதிப் பகுதி. நடுவில் விடுபட்ட எண்கள் பாட்டுகள்.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று தெரியும். காட்சிகளின் நீளம் 350 வரியில் இருந்து 175க்கும், பிறகு 76க்கும் இறங்குகிறது. உண்மை நெருங்க நெருங்க நாடகம் வேகம் பிடிக்கிறது. மேய்ப்பனிடம் நடக்கும் விசாரணையில் பேச்சு ஒரு வரி, அரை வரியாகத் துண்டுபடுகிறது. வடிவத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் இது போதும்.

இரண்டாம் வாசிப்பு: யாருக்கு என்ன தெரியும்

நோட்டை அகலவாக்கில் திருப்பி ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் காட்சிகள். மேலே ஐந்து பத்திகள்: ஈடிபஸ், யொகாஸ்டா, டைரீசியஸ், மேய்ப்பன், பார்வையாளர். ஒவ்வொரு காட்சி முடிவிலும் அவரவருக்குத் தெரிந்ததை நான்கைந்து சொற்களில் எழுதுங்கள், வரி எண்ணோடு. பார்வையாளர் பத்தியில் எப்போதும் “எல்லாம்” என்றுதான் வரும். அந்தப் பத்திக்கும் ஈடிபஸின் பத்திக்கும் உள்ள இடைவெளியில்தான் நகைமுரண் பிறக்கிறது. முந்தைய அரசன் லாயஸின் (ஈடிபஸைப் பெற்றவர் அவர்தான்) கொலைகாரனைத் தேடுவேன், லாயஸ் என் சொந்தத் தந்தை என்பதுபோலப் போராடுவேன் என்று ஈடிபஸ் 264ஆம் வரியை ஒட்டிச் சூளுரைக்கும் இடத்தில் அதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

அட்டவணையை நிரப்பும்போது பலர் தடுமாறும் இடம் 362ஆம் வரி. “நீ தேடும் கொலைகாரன் நீயே” என்று டைரீசியஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். நாடகத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. இதைத் துப்பறியும் கதை என்று வர்ணிக்கும் கட்டுரை இங்கேயே உடைந்துவிடும். உண்மை மறைந்து கிடக்கவில்லை, அது சொல்லப்பட்டுவிட்டது, நம்பப்படவில்லை. ஏன் நம்பவில்லை என்று அட்டவணையில் எழுதுங்கள்: முதலில் சொல்ல மறுத்தவர், பழி சுமத்தப்பட்டதும் கோபத்தில் சொல்கிறார், அவரை அழைத்து வரும் யோசனையைக் கொடுத்தவன் கிரியோன், ஆகவே இது அரியணைக்கான சதி என்று ஈடிபஸ் முடிவு கட்டுகிறான். முடிவு தவறு. ஆனால் ஒரு அரசன் அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. “கண்மூடித்தனமான கர்வம்” என்று எழுதிவிட்டு நகர்ந்தால் இதெல்லாம் கை நழுவிப்போகும்.

அட்டவணை முடிந்ததும் மேலிருந்து கீழே ஒரு முறை பாருங்கள், ஒரு ஒழுங்கு தெரியும். உண்மை தெரியாதவர்கள் ஈடிபஸைத் தேற்றப் பார்க்கிறார்கள். தேற்றும் சொல்லே உண்மையைக் கொண்டுவருகிறது. தீர்க்கதரிசிகளை நம்பாதே என்று காட்டத்தான் யொகாஸ்டா லாயஸின் கதையைச் சொல்கிறாள். போகிற போக்கில் ‘மூன்று பாதைகள் கூடும் இடம்’ என்கிறாள் (716), அப்படியொரு இடத்தில் ஒருவரைக் கொன்ற ஈடிபஸுக்கு உள்ளே ஆட்டம் காண்கிறது. கொரிந்திலிருந்து வரும் தூதன், தாயை மணந்துவிடுவோமோ என்ற பயத்தைப் போக்க நினைத்து, நீங்கள் கொரிந்த் அரசனும் அரசியும் பெற்ற பிள்ளையே இல்லை என்கிறான் (1016). மறுபக்கம், உண்மை தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடப் பார்க்கிறார்கள்: தொடக்கத்தில் டைரீசியஸ், 1060ஐ ஒட்டி யொகாஸ்டா, கடைசியில் மேய்ப்பன். மூவரிடமும் ஈடிபஸ் வற்புறுத்துகிறான், மேய்ப்பனைச் சித்திரவதை செய்வதாகவே மிரட்டுகிறான். நல்ல கட்டுரைக்கான வாதம் ஒன்று இதில் முழுசாகவே கிடக்கிறது.

கொள்ளையன் ஒருவனா, பலரா

லாயஸைக் கொன்றது ஒரு கூட்டம் என்று தப்பிவந்தவன் சொன்னதாகக் கிரியோன் தெரிவிக்கிறான் (122–123). அடுத்த வரியிலேயே ஈடிபஸ் “கொள்ளையன்” என்று ஒருமையில் பேசுகிறான் (124). பிறகு 842ஐ ஒட்டி அவன் உயிரே இந்த எண்ணிக்கையில் தொங்குகிறது: அந்த ஆள் இன்னும் பலர் என்றே சொன்னால் நான் கொலைகாரன் அல்ல, ஒன்று பலவாகாது. தப்பிவந்த அந்த ஆள்தான் மேய்ப்பன்; அதைக் கேட்கத்தான் அவனை வரவழைக்கிறார்கள். மேய்ப்பனும் வருகிறான். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதை ஆசிரியரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது ஒரு தவறு. ஈடிபஸ் கொலையே செய்யவில்லை என்று நிறுவக் கிளம்புவது இன்னொன்று. அப்படி வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பள்ளிக் கட்டுரையின் நீளத்தில் அது கரை சேராது. பயன்படும் வழி, கேள்வி எங்கே மாறியது என்று தேடுவது. கொரிந்த் தூதன் போட்ட முடிச்சுக்குப் பிறகு “லாயஸைக் கொன்றது யார்” என்பது “நான் யாருக்குப் பிறந்தவன்” என்று ஆகிவிட்டது. 1076–1085 வரிகளில் ஈடிபஸ் தன்னை அதிர்ஷ்டத்தின் மகன் என்று அழைத்துக்கொண்டு, பிறப்பை அறிந்தே தீருவேன் என்கிறான். முதல் கேள்விக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

இதேபோல் இன்னொரு பிசிறு: பிறந்த குழந்தையை (ஈடிபஸை) லாயஸ் பிறர் கையால் மலையில் எறியச் செய்தான் என்கிறாள் யொகாஸ்டா (717–719). அவள்தான் என் கையில் கொடுத்தாள் என்கிறான் மேய்ப்பன் (1173). இரண்டையும் அருகருகே வைத்து யொகாஸ்டாவைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

கோரஸைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பாட்டு வந்தால் பக்கத்தைப் புரட்டுவது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி குறிப்பு போதும்: இவர்கள் இப்போது யார் பக்கம், முந்தைய பாட்டிலிருந்து என்ன மாறியது. நேரமில்லை என்றால் 863–910 ஒன்றை மட்டுமாவது படியுங்கள். தீய செயல்களுக்கு மதிப்புக் கிடைத்தால் நான் ஏன் ஆடிப் பாட வேண்டும் என்று தீப்ஸின் முதியவர்களான கோரஸ் கேட்கிறார்கள்; குறிகள் பலிக்காது போனால் இனிக் கோயிலுக்குத் தொழப் போகமாட்டேன் என்கிறார்கள், லாயஸுக்குச் சொன்ன குறி மங்குகிறதே என்று வருந்துகிறார்கள். குறி பலித்தால் அரசன் அழிவான், பலிக்காவிட்டால் தெய்வ நம்பிக்கை அழியும். அவர்கள் மாட்டிக்கொண்ட இடம் அது.

அரிஸ்டாட்டிலை எவ்வளவு சேர்ப்பது

உப்பு அளவு. அவர் எழுதிய ‘கவிதையியல்’ இந்த நாடகத்துக்குச் சுமார் நூறு ஆண்டு பிந்தியது. ஆகவே “சோஃபக்ளிஸ் அரிஸ்டாட்டிலின் விதிகளைப் பின்பற்றி” என்று எழுதினால் காலமே தலைகீழ். அவருடைய கருவிகளில் இரண்டு இங்கே உண்மையிலேயே உதவும். ஒன்று, 11ஆம் அத்தியாயத்தில் வரும் திருப்பம்: நல்ல சேதி சொல்ல வந்தவன் எதிரான விளைவைக் கொண்டுவருவதற்கு அவரே காட்டும் உதாரணம் இந்தக் கொரிந்த் தூதன்தான். திருப்பமும் அறிதலும் ஒரே சமயத்தில் நிகழ்வது சிறந்தது என்பதற்கும் இதே நாடகத்தைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது, 13ஆம் அத்தியாயத்தின் ஹமார்ட்டியா. இதைக் “குணக்கேடு” என்று மனப்பாடம் செய்துவிட்டு, ஈடிபஸிடம் ஒரு கெட்ட குணத்தைத் தேடி அலைகிறார்கள். அந்த இடத்தில் அரிஸ்டாட்டில் பேசுவது, தீமையால் அல்லாமல் ஏதோ ஒரு பிழையால் வீழ்பவனைப் பற்றி. தான் யார் என்று அறியாமல் செய்த செயல் அந்தப் பிழைக்குச் சரியாகப் பொருந்துகிறது. அவனுக்குக் கோபம் உண்டுதான்; லாயஸைக் கொன்ற முச்சந்தியில் அது தெரிகிறது. ஆனால் சாந்தமான மனிதனாக இருந்திருந்தாலும் தன்னை வளர்த்த கொரிந்த் அரசன் பாலிபஸைத் தந்தை என்றுதான் நினைத்திருப்பான்.

விதியா, அவனா

இந்தத் தலைப்பு கேள்வித்தாளில் அடிக்கடி வரும். “இரண்டும்” என்று எழுதித் தப்பாதீர்கள். எது எதில் அடங்கும் என்று பிரியுங்கள். அப்பல்லோ தெய்வத்தின் குறி கேட்கும் கோயில் உள்ள டெல்ஃபியில் ஈடிபஸ் கேட்ட குறி: தந்தையைக் கொல்வாய், தாயைச் சேர்வாய். அவை நாடகம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்தவை. மேடையில் நாம் பார்ப்பவை வேறு: டெல்ஃபிக்கு ஆள் அனுப்புவது, சாபமிடுவது, விசாரிப்பது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது. கண்ணைக் குத்திக்கொண்டது? அவன் குருடனாவான் என்று டைரீசியஸ் சொல்லியிருந்தார் (454ஐ ஒட்டி). எவர் கையால் என்று சொல்லவில்லை. 1329–1333 வரிகளில் ஈடிபஸே கணக்கைப் பிரித்துக் கொடுக்கிறான்: துன்பங்களைத் தந்தது அப்பல்லோ, கண்ணைக் குத்தியது என் கை. இந்த வரிகள் இல்லாமல் விதியைப் பற்றிய கட்டுரையை முடிக்கக் கூடாது.

எழுதும்போது

800 சொல் கட்டுரை என்றால் முன்னுரை 80, உடற்பத்திகள் மூன்று, ஒவ்வொன்றும் 200 அளவில், மீதி முடிவுரை. மையக் கருத்தை யாராவது மறுத்துப் பேச முடிகிறதா என்று சோதியுங்கள். “ஈடிபஸ் விதியால் வீழ்ந்த வீரன்” என்பதை மறுக்க எவருக்கும் தோன்றாது. “ஈடிபஸை வீழ்த்துபவர்கள் அவனை வெறுப்பவர்கள் அல்லர், தேற்ற வந்தவர்கள்” என்றால் ஒருவர் டைரீசியஸைக் காட்டி மறுக்கலாம். நீங்களும் பதில் சொல்லலாம். அந்தப் பதிலே மூன்றாம் பத்தி.

மேற்கோள் ஒன்றரை வரிக்கு மேல் வேண்டாம், பத்திக்கு இரண்டு போதும். மேற்கோளுக்குப் பின் அதன் பொருளைத் திரும்பச் சொல்வதுதான் வழக்கமான வீண். மாதிரிக்கு:

“மூன்று பாதைகள் என்ற சொல் யொகாஸ்டாவுக்கு வெறும் இடக்குறிப்பு, அவள் வாதத்துக்கு அது தேவையே இல்லை (716). ஈடிபஸ் பிடித்துக்கொள்வது அதை மட்டும்தான். குழந்தை எறியப்பட்டதைக் கேட்டும் கேளாதவன், இடத்தையும் காலத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் அடுக்கடுக்காக விசாரிக்கிறான். ஆறுதலாகத் தொடங்கிய பேச்சு சாட்சி விசாரணையாக மாறுகிறது.”

இதில் கதை சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. உங்கள் பத்தியில் “பிறகு”, “அதன்பின்” என்ற சொற்கள் மூன்று முறை வந்தால் கதைச்சுருக்கத்துக்குள் விழுந்துவிட்டீர்கள் என்று பொருள்.

நாடகத்தில் இல்லாததை எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஈடிபஸ் தீப்ஸுக்கு வந்தபோது விடுவித்த, ஸ்ஃபிங்ஸ் என்ற அரக்கி போட்ட விடுகதையின் வாசகம் இந்த நாடகத்தில் எங்கும் இல்லை. நான்கு கால், இரண்டு கால் என்று பத்தி நிரப்பினால் ஆதாரம் கேட்பார்கள். ஈடிபஸ் முடிவில் நாடுகடத்தப்படுவதும் இல்லை. அவன் கெஞ்சுகிறான், முதலில் தெய்வத்தைக் கேட்க வேண்டும் என்கிறான் கிரியோன், மகள்களைப் பிரித்து அவனை அரண்மனைக்குள் அனுப்புகிறார்கள். மகனுக்குத் தாய்மேல் உள்மனத்தில் ஆசை உண்டு என்ற உளவியலாளர் ஃபிராய்டின் கருத்தும் இங்கே வேண்டாம்: இந்த ஈடிபஸுக்கு யொகாஸ்டா தாய் என்பதே தெரியாது, தெரிந்த கணத்தில் அலறுகிறான்.

தேர்வறையில் 45 நிமிடம் கிடைத்தால் முதல் எட்டு நிமிடம் எழுதாதீர்கள். கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லைக் கோடிட்டு, மையக் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் கீழே மூன்று வரி எண்களைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் ஆறு: 122, 362, 716, 842, 1016, 1329. கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர்களைச் சரிபாருங்கள்; கிரியோன் யொகாஸ்டாவின் சகோதரன், லாயஸின் சகோதரன் அல்ல.