விருந்துக்கு முன்பே தட்டைத் திட்டமிடுதல்

மாலை விருந்தில் இனிப்பு உண்பதற்காகக் காலையிலிருந்து பட்டினி கிடப்பவர்கள் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் அதுதான். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும்.

இனிப்பைக் கூடுதலாக உண்ணாமல், மற்றொன்றுக்கு மாற்றாக உண்ண வேண்டும். உணவுத் திட்டத்தில் 15 கிராம் மாவுச்சத்து ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. 5 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய கேக் துண்டு, மேலே க்ரீம் இல்லையெனில், ஏறத்தாழ ஒரு பங்கு. க்ரீம் பூசியிருந்தால் இரண்டு. ஆகவே க்ரீம் கேக்தான் வேண்டுமென்றால், அதே வேளையில் இரண்டு ரொட்டித் துண்டுகளை விட்டுவிடலாம். (க்ரீமை வழித்து ஓரத்தில் ஒதுக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.)

தட்டில் பாதியைக் காய்கறிகளால் நிரப்பி, அவற்றையும் புரத உணவையும் முதலில் உண்டு, மாவுப்பண்டங்களைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை சற்று மெதுவாகவே ஏறும். பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றுக்குப் பதில் தண்ணீர் போதும்.

உண்ணத் தொடங்கிய 2 மணி நேரம் கழித்துப் பரிசோதிக்கையில், பெரும்பாலானோருக்கு இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். மருந்தின் அளவை மருத்துவரைக் கேளாமல் மாற்றக்கூடாது.