நீராவிச் சம்மட்டி: குறட்டுப்பிடியை வயிற்றுக்கு நேரே பிடிக்காதீர்கள்

நீராவியால் தூக்கப்பட்டு விழும் ராட்சதச் சுத்தியலான நீராவிச் சம்மட்டியின் முன் முதன்முதலாக நிற்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் சம்மட்டியைப் பற்றியது அல்ல, கையில் இருக்கும் குறடு (பழுத்த இரும்பைப் பற்றும் இடுக்கி) பற்றியது. அதன் பிடிகள் இடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு நேரே வரவே கூடாது. பழுத்த இரும்பு பட்டடைமீது சமமாக உட்காராமல் ஒரு முனை தூக்கி நின்றால், அடி விழுந்த கணத்தில் குறடு பின்னோக்கிப் பாயும். கைச்சம்மட்டியில் அது மணிக்கட்டுச் சுளுக்கோடு போகும். டன் கணக்கில் எடையுள்ள தலை விழும் இடத்தில் உயிரே போகும். இரு பிடிகளுக்கு நடுவே விரலை விடுவதும் இதே ரகத் தவறுதான்.

இந்த இயந்திரம் பிறந்ததே ஒரு தடித்த அச்சுத்தண்டுக்காக. ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலின் துடுப்புச்சக்கரத்துக்கு 30 அங்குலக் குறுக்களவில் தண்டு வேண்டும் என்று கேட்டார்கள். காம்பு ஓர் அச்சில் ஏறி இறங்கும் அன்றைய சாய்வுச் சம்மட்டிகளால் அது முடியாது. அடிக்கப்படும் பொருள் பருக்கப் பருக்கத் தலை விழும் உயரம் குறைந்துவிடும். பெரிய அடி வேண்டிய இடத்தில் சின்ன அடிதான் கிடைக்கும். பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1839 நவம்பர் 24 அன்று தம் குறிப்பேட்டில் தீர்வை வரைந்தார்: நீராவி தலையை நேர்மேலே தூக்கும், எடை தானே கீழே விழும். கப்பலோ திருகு விசிறிக்கு மாறியது, தண்டு தேவைப்படவில்லை. 1842இல் பிரான்சின் லெ குருசோ ஆலைக்குப் போனவர், அங்கே பூர்தோன் என்ற பொறியாளர் அப்படி ஒரு சம்மட்டியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். திரும்பிய கையோடு காப்புரிமை வாங்கினார்.

பார்வையாளர்களுக்கு ஒரு வித்தை காட்டுவார்கள்: மதுக்கோப்பையில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்து, கோப்பையில் கீறல் விழாமல் சம்மட்டியை நிறுத்துவது. அதைப் பார்த்து இயந்திரம் சாது என்று நம்புவது இன்னொரு தவறு. சாது இயந்திரம் அல்ல, வால்வு நெம்புகோலைப் பிடித்திருப்பவரின் கை. பட்டறை இரைச்சலில் சொல் கேட்காது. தலைமைக் கொல்லரின் கைச்சைகை ஒன்றுதான் மொழி. இரண்டு பேர் சைகை காட்டினால் அங்கே விபத்து காத்திருக்கிறது.

முதல் அடியே பலமாக இருக்கட்டும் என்ற ஆசையும் பலரைக் கெடுத்தது. அக்காலப் பெரிய தண்டுகள் தேனிரும்புக் (அடித்து வடிவாக்கத்தக்க மென்மையான இரும்பு) கம்பிகளைக் கட்டாகக் கட்டி, வெண்மையாகக் காய்ச்சி, அடித்து ஒட்டவைத்தவை. உள்ளே உருகிய கசடு, அதாவது இரும்பில் கலந்த கழிவு, இருக்கும். மெல்ல நான்கு தட்டுத் தட்டினால் அது பிதுங்கி வழியும். ஓங்கி அடித்தால் நெருப்பு மழையாகச் சுற்றி நிற்பவர்கள்மேல் தெறிக்கும், கட்டும் சிதறும். நிறம் இறங்கிய பிறகும் அடிப்பது எதிர்த்திசைப் பிழை. செக்கச்சிவப்பு மங்கி, ஏறத்தாழ 200 முதல் 350 டிகிரி செல்சியஸுக்குள் வந்த எஃகு நொறுங்கும் தன்மை கொள்கிறது. பார்வைக்கு ஆறியதுபோல் இருப்பதுதான் அதன் வஞ்சகம்.

இவையெல்லாம் உடனே தெரிகிற தவறுகள். எனக்கு அதிகம் அச்சம் தருவது உள்ளே ஒளிந்துகொள்ளும் தவறு. பெரிய திரளைச் சிறிய சம்மட்டியால் அடித்தால் மேற்பரப்பு மட்டும் நீள்கிறது, நடு அப்படியே கிடக்கிறது. தண்டின் முனையைப் பார்த்தாலே தெரியும்: நடு உள்வாங்கிக் குழிந்திருந்தால் அடி ஆழம்வரை போகவில்லை. ஜெர்மனியின் எசன் நகரில் குருப் எஃகு ஆலை 1861இல் 50 டன் ‘ஃபிரிட்ஸ்’ சம்மட்டியையும், லெ குருசோ 1877இல் 100 டன் சம்மட்டியையும் நிறுவியதை வெறும் பெருமைக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

ஒட்டாத இரும்பு என்ன செய்யும் என்பதை 1844 பிப்ரவரி 28 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ‘பிரின்ஸ்டன்’ காட்டியது. அதன் 12 அங்குலத் தேனிரும்புப் பீரங்கி வெடித்து வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உட்பட ஆறு பேர் இறந்தனர். ஆராய்ந்த பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் என்ற அறிவியல் நிறுவனம் இரும்பிலும் ஒட்டிலும் குறை கண்டது.

காலையில் சம்மட்டியை ஓட்டத் தொடங்கும் முன் தலையைத் தூக்கும் நீராவி சிலிண்டரைச் சூடாக்கித் தேங்கிய நீரை வடிக்காமல் விடுவதும் ஆபத்து. நீர் அமுங்காது, மூடிதான் உடையும். டைகளை (இரும்பை நேரடியாக அடிக்கும் அச்சுக்கட்டைகள்) இறுக்கும் ஆப்புகளை அவ்வப்போது சோதியுங்கள். தளர்ந்த ஆப்பு குண்டுபோல் பறக்கும். டை மாற்றக் கையை உள்ளே விடும்போது வால்வை மூடியிருப்பது போதாது. தலையைத் தாங்கியிருக்கும் நீராவி குளிர்ந்து நீராகும், அல்லது கசியும். தலை சத்தமில்லாமல் இறங்கி வரும். அடியில் தடித்த மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்த பிறகே கையை நீட்ட வேண்டும்.