கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்னால்

வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது, மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது. "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, எடுத்துப் போட்டுட்டா நிம்மதி சிஸ்டர்" என்று சொல்லும் பெண்களை வாராவாரம் பார்க்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யும் நர்ஸ் நான். அதற்கு முன் பல வருடம் கதிர்வீச்சுப் பிரிவில் இருந்தேன். அங்கே என்னை மிகவும் வருத்தியவர்கள், வேறெங்கோ கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தையல் தழும்போடு வந்த பெண்கள். எடுப்பதற்கு முன் யாரும் உள்ளே கருவி வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எடுத்த பிறகு லேப் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்திருக்கும்.

சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் வேறு, புற்றுநோய்க்குச் செய்யும் ஆபரேஷன் வேறு. முதலாவதில் சுற்றியுள்ள திசுவும் நிணநீர் முடிச்சுகளும் உள்ளேயே இருந்துவிடும். அப்புறம் பெரும்பாலும் கதிர்வீச்சும் கொடுத்தாக வேண்டும். கர்ப்பப்பை இல்லாததால், உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சை வேண்டிய அளவுக்குக் கொடுப்பதும் கடினமாகிவிடும். ஆகவே என் ஒரே வேண்டுகோள் வரிசை மாறக்கூடாது என்பதுதான். முதலில் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், எந்த நிலை என்று கணிக்க வேண்டும். சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? எடுத்த கர்ப்பப்பையை லேபுக்கு அனுப்பினார்களா, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு வாங்கி ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்றும் கேளுங்கள். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் பரிசோதனை உங்களுக்கும் தொடர வேண்டும்.

இந்த நோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குக் காரணம். தாம்பத்திய உறவில் தொற்றுவதால் வீட்டில் சண்டை வந்துவிடுகிறது. யாரிடமிருந்து வந்தது என்று தேடாதீர்கள். உறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோருக்கு எப்போதாவது ஒருமுறை இது தொற்றத்தான் செய்யும். இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 10, 15 வருடமாவது ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை எடுக்காமலேயே குணப்படுத்திவிடலாம். அப்படியிருந்தும் 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

30 வயதுக்கு மேல் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனைக்கு வாருங்கள். எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். அறிகுறி இருந்தால் வயதுக் கணக்கு பார்க்காமல் உடனே வரவேண்டும்: உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், கெட்ட வாடையோடு தண்ணீராகப் போவது, தீட்டு நின்று வருடங்கள் ஆனபின் திரும்ப ரத்தம். கடைசியாகச் சொன்னதை "மறுபடியும் தீட்டு வந்திருக்கு" என்று நினைத்து மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடும் அம்மாக்கள் நிறைய. தீட்டு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும்.

மாதவிலக்கு இல்லாத நாளில் வாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே மருந்தோ கிரீமோ வைக்க வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு மேஜையில் படுத்தால் போதும். பாவாடையை முழுவதும் அவிழ்க்கச் சொல்ல மாட்டோம், மேலே துணி போர்த்தித்தான் பார்ப்போம். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிக்கும்போது ஓர் அழுத்தம் தெரியும். இடுப்பை மேலே தூக்காமல், வாயால் மெதுவாக மூச்சு விட்டால் தசை தளர்ந்துவிடும். வலித்தால் சொல்லுங்கள், நிறுத்துவோம். பெண் ஊழியர்தான் வேண்டும் என்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

நான் செய்வது விஐஏ சோதனை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை 5 சதவீத அளவில் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்போம். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தையே காட்டுவேன். 2000-இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களைக் கிராமம் கிராமமாக, பயிற்சி பெற்ற நர்சுகள்தான் இப்படிப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் இந்த நோயால் வந்த மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

தீட்டு நின்றவர்களுக்கு விஐஏ சரிவராது. பார்க்க வேண்டிய பகுதி வாயின் உட்புறமாகப் போய்விடும். அவர்களுக்குப் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை லேசாகச் சுரண்டி எடுத்து லேபில் பார்ப்பது) அல்லது எச்பிவி சோதனை நல்லது. இருப்பதிலேயே நோயை விட்டுவிடாமல் பிடிப்பது எச்பிவி சோதனைதான். அதற்கு மாதிரியைப் பெண்களே எடுத்துக் கொடுக்கலாம் என்ற வசதியும் உண்டு. கிடைத்தால் அதையே செய்துகொள்ளுங்கள்.

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியால் டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் அரிசி அளவுச் சதை எடுத்து அனுப்புவார். இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படலாம். கத்தி பட்டால் நோய் பரவும் என்பது உண்மையில்லை. ரிப்போர்ட் வாங்க நீங்களே போங்கள். யாரும் போன் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சிஐஎன் என்பது கர்ப்பப்பை வாய்ச் செல்களில் வந்திருக்கும் மாற்றத்தின் அளவு. ரிப்போர்ட்டில் சிஐஎன் 1 என்று இருந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகும், மறுபடி பார்த்தால் போதும். சிஐஎன் 2, 3 என்றால் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. உறையவைத்தோ, சூடு கொடுத்தோ, மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவியோ எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். சில வாரம் தண்ணீராகக் கசியும். ஒரு மாதம் உறவு வேண்டாம். ஒரு வருடத்தில் மறுபரிசோதனை. இந்த நிலையில் பயந்துபோய் "மொத்தமா எடுத்துடுங்க" என்று கேட்காதீர்கள்.

கார்சினோமா என்று எழுதியிருந்தால் அது புற்றுநோய். இப்போது அவசரப்பட வேண்டியது ஆபரேஷனுக்கு அல்ல, நிலை தெரிந்துகொள்வதற்கு. புற்றுநோய் டாக்டர் உள்பக்கமாகவும் மலவாய் வழியாகவும் விரலால் பார்ப்பார். சங்கடமாக இருந்தாலும் பக்கத்துத் திசுவுக்குப் பரவியிருக்கிறதா என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். எம்ஆர்ஐ, சிடி, சிறுநீரக ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டி எத்தனை சென்டிமீட்டர்? பக்கத்துத் திசுவுக்குப் போயிருக்கிறதா? நெறிகட்டி இருக்கிறதா? பதில்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள், கர்ப்பப்பை வாயை விட்டுத் தாண்டவில்லை என்றால் ஆபரேஷன் செய்யலாம். பொதுவாகக் கர்ப்பப்பை, சுற்றுத் திசு, பிறப்புறுப்பின் மேல்பகுதி, நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன் அது. இதில் பழகிய புற்றுநோய் அறுவை மருத்துவர்தான் செய்ய வேண்டும். சிறு துளை போட்டுச் செய்வது சுலபம் என்று பலரும் கேட்கிறார்கள். 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிடத் துளை வழியாகச் செய்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளம்பெண்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மிக ஆரம்ப நிலையில் கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழி உண்டு.

அதைத் தாண்டியிருந்தால் கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்துதான் சிகிச்சை. நம் ஊரில் பலர் இந்த நிலையில்தான் வருகிறார்கள், இதிலும் குணமாகிறவர்கள் நிறையப் பேர். 'கரண்ட் வச்சா கருகிப்போகும்' என்று பயமுறுத்துபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். வாரத்துக்கு ஐந்து நாள், சுமார் ஐந்து வாரம், ஒவ்வொரு நாளும் சில நிமிடம். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அப்புறம் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு சில தவணை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளத் தள்ள நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். காதுகுத்து, கோயில் கொடை என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு மாதத்துக்கு வீட்டு வேலையை யார் பார்ப்பது, துணைக்கு யார் வருவது என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இடுப்பில் வரைந்த அடையாளத்தை அழிக்காதீர்கள், அங்கே சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னால், தினமும் அதே அளவு, அதே நேரம் முன்னதாகக் குடியுங்கள். பை நிறைந்திருந்தால் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வயிற்றோட்டம் வரும். மோர்சாதம், இட்லி, வாழைப்பழம் ஒத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பலகாரம், காரம், கீரை கொஞ்ச நாள் வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்காமல் அன்று இரவே வாருங்கள். ரத்த அளவு குறைந்தால் ரத்தம் ஏற்றச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

உள்ளே வைக்கும் கருவிக்குத்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். மயக்கமோ வலி மருந்தோ கொடுத்துத்தான் வைப்பார்கள். கொடுத்து முடித்ததும் கருவியை எடுத்துவிடுவார்கள், உடம்பில் கதிர் எதுவும் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். தட்டு, டம்ளர் தனியாக வைப்பதை நிறுத்துங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரும் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஆனால் உறவு வலிக்கும், டாக்டராலும் பரிசோதிக்க முடியாது. சில வாரம் கழித்து டைலேட்டர் என்ற கருவியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பயன்படுத்தச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், கணவரையும் அழைத்து வந்து கேளுங்கள். இளம்பெண்களுக்குத் தீட்டு நின்றுவிடும்; அதற்கும் மருந்து உண்டு.

தூரமாகப் பரவிய நிலையிலும் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டில் முடக்கிப்போடாதீர்கள். ரத்தப்போக்கைச் சில தவணைக் கதிர்வீச்சால் நிறுத்தலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம்.

பணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளாதீர்கள். மதுரை, தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலும் கதிர்வீச்சு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். சந்தேகத்துக்கு அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழைக்கலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நடுவில் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால் முறை நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

வரும்போது வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளை இருந்தால் எச்பிவி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் இப்போது கிடைக்கிறது. அந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15 வயதுக்கு மேல் மூன்று. ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதில் பரிசோதனைக்கு வரவேண்டும். தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது.